நாலு மூட்டை மணல்

1997 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு. காபிப் பொடி டப்பாவின் அடியைத் தொட்டுவிட்டது. வாங்க வேண்டும். வானம் தெளிவாக இருந்ததால் மாடியில் துணி காயப் போட்டேன். பச்சைப் பட்டுச் சேலை. ஏழு இருபதுக்கு மல்லேஸ்வரத்தில் பஸ், ஜன்னலோர இடம். மடியில் நாலு முழம் சாமந்தியும் ஒரு டஜன் எலுமிச்சம்பழமும். எட்டு ஐந்துக்குப் பீன்யாவில் இறங்கினேன்.

என் டைரியில் அந்த நாள் இப்படித் தொடங்குகிறது. இந்தத் தொடரில் நான் பெரும்பாலும் தேதி போடுவதில்லை. "உங்களிடம் டைரி இருக்கும்போது ஏன் 'ஒரு மழைக்காலத்தில்', 'அந்த வருடங்களில்' என்றே எழுதுகிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தேதி போட்டு எழுதினால் சாட்சிக் கூண்டில் ஏறியதுபோல் ஆகிவிடுகிறது என்பதுதான் காரணம். இந்த ஒரு நாளுக்கு மட்டும் அந்தக் கூண்டில் ஏற வேண்டியவள் நான்தான். அதனால் தேதி.

அந்தப் பக்கத்தின் மூலையில் மஞ்சள் கறை உண்டு. அன்று ஆயுத பூஜை. டைரியையும் பூஜையில் வைத்துவிட்டதால் மறுநாள்தான் எழுத முடிந்தது.

குளித்து நின்ற வண்டி

எங்கள் கம்பெனி சின்னது. குன்றுகளின் மேல் நிற்கும் தொலைபேசிக் கோபுரங்களுக்கு பேட்டரியும் சார்ஜரும் கொண்டுபோய்ப் பொருத்துவது அதன் வேலை. நான் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். வண்டிகளைக் கவனித்துவந்தவர் ஓய்வு பெற்றபோது, ஆள் கிடைக்கும்வரை என்று அதையும் என்னிடம் கொடுத்தார்கள். நாலு வருடமாக ஆள் கிடைக்கவில்லை.

வண்டிகள் என்றால் மொத்தம் இரண்டு. ஒன்று பழைய வேன். மற்றது வெள்ளை நிறப் பிக்கப். கியர் லீவருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர் இருக்கும். அதைப் போட்டால் பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களுக்கும் விசை போகும். மழையில் குழைந்துபோன மலைப் பாதைகளில் ஏறுவதற்காக வாங்கிய வண்டி. வாங்கியதில் மேனேஜருக்குப் பெருமை. விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்.

அன்று காலை நான் போனபோது பிக்கப் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. முன் பம்பரின் இரு பக்கமும் வாழைக்கன்று. கண்ணாடியில் சந்தனம். டிரைவர் தேவராஜ் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, பின்தொட்டியின் மூலைகளைப் பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டி துடைத்த தாம்பாளம்போல் காலியாக இருந்தது.

அப்படிக் காலியாக இருந்ததற்கு நான் காரணம். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிவப்பு மை

தேவராஜ் தங்கவயல்காரர். சுரங்கத்துக்குச் சாமான் ஏற்றும் வண்டி பல வருடம் ஓட்டியவர். வயது நாற்பத்து மூன்று. என்னைவிட ஒரு வயது குறைவு. அங்கே வேலை சுருங்கிப்போய், தினமும் விடியுமுன் ரயில் பிடித்துப் பெங்களூர் வந்து போய்க்கொண்டிருந்தார். எங்களிடம் சேர்ந்த பிறகு, ஜூன் மாதம், மனைவியையும் மகளையும் அழைத்துவந்து பீன்யாவிலேயே வீடு பார்த்தார். மகளை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார். அவருக்கு ஒரு வருடம் சோதனைக் காலம். அக்டோபர் 31-ஆம் தேதி முடிகிறது. அதற்குள் லாக் புக்கில் மூன்று சிவப்புக் குறிப்பு விழுந்தால் வேலை நிரந்தரமாகாது, அன்றே போக வேண்டியதுதான்.

லாக் புக்குக்குக் கோடு போட்டவள் நான். தேதி, டிரைவர், போன இடம், கிலோமீட்டர். விதி மீறலோ விபத்தோ இருந்தால் சிவப்பு மையில் குறிப்பு. அதற்கு எதிரே 'பொறுப்பானவர்' என்று ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் டிரைவர் பெயரைத் தவிர வேறு பெயர் வந்ததே இல்லை.

கடுமையானவள் என்று நினைக்க வேண்டாம். முப்பது ஆண்களுக்கு நடுவே வண்டிக்கொட்டகையில் நிற்கும் ஒரு பெண், அதுவும் ஓட்டத் தெரியாதவள். "ரூல் போட்டா போடுங்க மேடம், பாக்கலாம்" என்று பழைய வேன் டிரைவர் என் முகத்துக்கு நேரே சிரித்ததுண்டு. தாளில் எழுதி, முத்திரை குத்தினால்தான் என் பேச்சு எடுபட்டது. எழுத எழுத அந்தத் தாளின் மேல் எனக்கே அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிட்டது.

தேவராஜின் முதல் சிவப்புக் குறிப்பு, ஜூலையில், மழை பிடித்த ஒரு வாரத்தில். தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே, நாலு சாக்கு மணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கேட்டேன். காலி வண்டிக்கு வால் லேசாக இருக்கிறது, மழையில் தூக்கிக்கொண்டு போகும், அதற்காக என்றார். கம்பெனிச் சரக்கு அல்லாத பாரம், டீசல் விரயம் என்று எழுதி, மூட்டைகளை இறக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் இறக்கினார்.

இரண்டாவதற்கு என் சுற்றறிக்கை காரணம். வண்டியோடு வந்த கையேட்டில், சேற்றிலும் வழுக்கும் பாதையிலும் குட்டை லீவரைப் போட்டு ஓட்டும்படி ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் கோத்தேன். விற்றவர்களின் ஆளும் "நாலு சக்கரமும் பிடிக்கும் மேடம், வழுக்கவே வழுக்காது" என்று சொல்லியிருந்தான். உடனே டைப் அடித்தேன்: மழை பெய்தால் எந்தச் சாலையிலும் நாலு சக்கர விசையைப் போட்டே ஓட்ட வேண்டும். கன்னடத்திலும் ஒரு பிரதி. டாஷ்போர்டில் செலோ டேப் போட்டு ஒட்டினேன். ஆகஸ்டில் ஒரு மழை நாளில் வண்டி கேட்டுக்குள் வந்தபோது எட்டிப் பார்த்தேன்; லீவர் போடவில்லை. இரண்டாவது சிவப்பு.

அன்று மட்டும் தேவராஜ் வாய் திறந்தார். தார் ரோட்டில் அது கூடாது என்றார். "ரூல் இருக்கே" என்றேன். அவர் அந்தத் தாளையும் என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "சரி மேடம்" என்றார்.

பைரப்பாவின் இரண்டாவது எலுமிச்சை

பதினொரு மணிக்குப் பூஜை முடிந்தது. டிரில்லிங் மெஷினுக்கும் தராசுக்கும் டைப்ரைட்டருக்கும் மஞ்சள் குங்குமம். லாக் புக், ஸ்டாக் லெட்ஜர், என் இரண்டு பேனாக்கள் எல்லாம் படத்துக்கு முன்னால். விஜயதசமி காலைவரை எடுக்கக் கூடாது. சாம்பல் பூசணிக்காயின் வயிற்றில் குங்குமம் கொட்டி, கேட்டுக்கு வெளியே உடைத்தார்கள். ஆளுக்கொரு பொரிப் பொட்டலம், ஒரு டப்பா இனிப்பு. பன்னிரண்டரைக்குத் தொழிற்சாலை வெறிச்சென்று ஆகிவிட்டது.

நான் ஸ்டோர்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஹெப்பகோடியில் ஒரு தொலைபேசி நிலையத்தில் எங்கள் சார்ஜர் செத்துவிட்டது. பேட்டரி ஆறு மணிவரைதான் தாங்கும். அதற்குள் மாற்றாவிட்டால் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் லைன் முழுக்கப் போய்விடும். மேனேஜர் வீட்டுக்குப் போன் செய்தேன். உடனே அனுப்புங்கள், ஆள் இல்லையென்றால் நீங்களே கூடப் போய்க் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார்.

தேவராஜ் இன்னும் போகவில்லை. வண்டிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் பைரப்பாதான் கேட்டுக்குக் குறுக்கே நின்றார்.

"பேடா மேடம், காடி தெகீபேடி. பூஜெ ஆகிதே" என்றார். பூஜை ஆன வண்டியை மறுநாள்வரை அசைக்கக் கூடாது.

தேவராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாமிக்கே போன் வந்திருச்சு பைரப்பா, நாம என்ன பண்றது" என்றார்.

முனகிக்கொண்டே பைரப்பா நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து மறுபடியும் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். சார்ஜர் ஐம்பது கிலோ இருக்கும். அவ்வளவு பெரிய தொட்டியில் அது ஒரு மூலையில் மறந்துவைத்த பெட்டிபோல் இருந்தது.

கேட்டைத் தாண்டியதும் தேவராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்து, காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கிடந்த ஒரு கருங்கல் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிளட்சை மிதித்துக் கியரை மாற்றினார்.

பூசணிக்காய்ச் சாலை

ஆயுத பூஜை மதியம் பெங்களூர் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கடை முன்னாலும், பட்டறை முன்னாலும், ஆட்டோ ஸ்டாண்டிலும் உடைந்த பூசணிக்காய். வெள்ளைச் சதை, வழுவழு விதை, குங்குமத் தண்ணீர். ஸ்கூட்டர்காரர்கள் இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். யஷ்வந்தபுரத்திலிருந்து ஓசூர் ரோடுவரை நான் எண்ணிக்கொண்டே வந்து, நாற்பதுக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

மூன்று நாற்பதுக்கு ஹெப்பகோடி சேர்ந்தோம். நாலு ஐந்துக்குச் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. கையெழுத்து வாங்கினேன். வெளியே வந்தபோது கிழக்கே வானம் ஈயம் மாதிரி இருந்தது. மாடியில் காயப் போட்ட துணி ஞாபகம் வந்தது. வண்டி ஓசூர் ரோட்டில் ஏறியதும் மழை கொட்டத் தொடங்கியது.

இப்போது தொட்டியில் ஒன்றுமே இல்லை.

தேவராஜ் முப்பதில் போனார். முன்னால் போன லாரிக்கும் எங்களுக்கும் நடுவே இன்னும் நாலு லாரி புகலாம், அவ்வளவு இடம் விட்டிருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் காதில் விழவில்லை.

நான் குட்டை லீவரைப் பார்த்தேன். போடவில்லை. டாஷ்போர்டுத் தாளில் விரலை வைத்தேன்.

"மேடம், ஒரு வார்த்தை" என்றார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "ஃபோர் வீல் கிளம்பறதுக்குத்தான். நிக்கறதுக்கு இல்ல. பிரேக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதான் இருக்கு, இதுக்கு மட்டும் எட்டா இருக்கு? சேத்துல போட்டா தாய் மாதிரி இழுத்துக்கும். தார்ல போட்டா திரும்பாது, மூக்கு நேராவே ஓடும்."

"வழுக்காமல் இருக்கத்தானே அதை வாங்கியிருக்கிறார்கள்?"

"வாங்கினவங்க ஓட்டல மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. "மூணாவது வேண்டாம் தேவராஜ்" என்றேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் 31-க்கு இருபத்தொரு நாள் இருந்தது. அவர் லீவரைப் போட்டார்.

போட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டன என்று உடம்பே நம்பியது. ஆறு மணிக்கு வீட்டில் விளக்கேற்ற வேண்டும். "கொஞ்சம் வேகமாகத்தான் போகலாமே, இப்போதுதான் பிடிக்கிறதே" என்றேன். அதையும் நானே சொன்னேன். டைரியில் அந்த வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

முள் நாற்பத்தைந்துக்குப் போனது.

பொம்மனஹள்ளிக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கமும் வளைவும். வளைவு முடியும் இடத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் கேட். உள்ளே பூஜை முடிந்து, பெண்கள் பொரிப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, தலையில் முந்தானையோடு ரோடு ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். முப்பது பேர் இருக்கலாம். எங்களுக்கு முன்னால் ஓர் ஆட்டோ அவர்களைப் பார்த்துவிட்டு நடு ரோட்டில் டக்கென்று நின்றது.

தேவராஜ் பிரேக் மிதித்தார். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை.

சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஞாபகம். வைப்பர் மட்டும் போய் வந்தது. பின்பக்கம் என்னை விட்டுவிட்டுத் தனியாக எங்கோ போவதுபோல் வலதுபுறம் சுற்றியது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு நேராக, அந்தப் பெண்களைப் பார்த்துப் போனது. வாழைக்கன்றின் இலைகள் கண்ணாடியில் வந்து அடித்தன.

அப்போது தேவராஜ் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். இந்த மனிதருக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். காலை எடுத்ததும் சக்கரங்கள் உருண்டன. உருண்டதும் ஸ்டீயரிங் கேட்டது. அவர் வண்டியை ரோட்டிலேயே வைத்திருக்கப் பார்க்கவில்லை. கேட்டுக்கு முன்னால், இடது ஓரத்தில், கட்டட வேலைக்காகத் தோண்டிப் போட்ட செம்மண் சேறு கிடந்தது. நாலு சக்கரத்தையும் அதற்குள் இறக்கினார். வண்டி பொதக்கென்று அமுங்கி, இரண்டு தரம் குலுங்கி, நின்றது.

கடைசி வாழையிலை ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் முதல் பெண்ணுக்கும் நடுவே மூன்று முழம். பூ வாங்கி வாங்கி முழம் என் கண்ணுக்குத் தப்பாது.

யாருக்கும் ஒன்றுமில்லை. நான் தலைகளை எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணினேன். முன்னால் நின்ற பெண் ஒருத்தி, முகமெல்லாம் செம்மண் தெறித்து, கையிலிருந்த பொரியை விடாமல், ஜன்னலருகே வந்து குனிந்தாள்.

"ஏங்க, பூசணிக்கா தீந்துபோச்சுன்னு எங்கள ஒடைக்க வந்தீங்களா?" என்றாள் தமிழில்.

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. தேவராஜ் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா" என்றார். அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

பட்டுச் சேலையில் மணல்

வண்டியைச் சேற்றிலிருந்து வெளியே எடுக்க யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. தேவராஜ் முதல் கியரில் மெல்லக் கிளட்சை விட்டார். நாலு சக்கரமும் சேற்றைக் கவ்வி, வண்டி எருமை குளத்திலிருந்து எழுந்து வருவதுபோல் தானாக ஏறி வந்தது.

"இதுக்குத்தான் மேடம் இது" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. பிறகு, தார் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, லீவரில் கையை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "எடுத்துடட்டுமா?"

நான் டாஷ்போர்டுத் தாளைக் கிழித்து, நாலாக மடித்துப் பைக்குள் போட்டேன்.

மழை தூறலானது. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் முன்னால் மணல் குவித்திருந்தது. நானே இறங்கிப்போய் அங்கிருந்த காவலாளியிடம் கேட்டேன். நாலு காலி சிமெண்டுப் பையும் ஒரு மண்வெட்டியும் கொடுத்தார். பட்டுச் சேலையோடு நிற்கும் அம்மாவுக்கு மணல் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. பண்டிகை நாளில் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவது என்று இருந்தார்போல.

நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன். தேவராஜ் அள்ளிப் போட்டார். ஈர மணல் கனத்தது. இரண்டாவது பை நிரம்பும்போதுதான் கேட்டேன், ஜூலையிலிருந்து மூட்டை இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "சொன்னா எழுதுவீங்க."

"பேனா பூஜையில் இருக்கிறது."

காம்பவுண்டுக்கு வெளியே கிடக்கும் கருங்கற்கள். காலியாகக் கிளம்பும் நாட்களில் கேட்டைத் தாண்டியதும் அவற்றை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டுவாராம். திரும்பும்போது கேட்டுக்கு முன்னால் இறக்கிவிடுவாராம். பைரப்பாவும் கை கொடுப்பாராம்.

அந்தக் கல் குவியல் மழைக்காலம் முழுக்க வளர்வதும் தேய்வதுமாக இருந்ததை நான் கவனித்திருந்தேன். யாரோ நடைபாதையில் கற்களைப் போட்டு எடுக்கிறார்கள், நடவடிக்கை எடுக்கவும் என்று மாநகராட்சிக்கு இரண்டு கடிதம் எழுதி, நகல் ஃபைலில் வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். தேவராஜ் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சேர்ந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். பையின் வாய் என் கையிலிருந்து நழுவி, அரைப் பை மணல் சேலையில் கொட்டியது. அந்தச் சேலையின் மடிப்பில் பொங்கலுக்குக்கூட மணல் உதிர்ந்தது.

நாலு மூட்டையையும் பின் அச்சுக்கு மேலே வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினார். முப்பதில் திரும்பினோம். இப்போது வளைவுகளில் பின்பக்கம் நம்மோடு சேர்ந்து வருவது எனக்கே தெரிந்தது. பூசணிக்காய் வரும் இடங்களில் பத்து வண்டி தூரத்திலேயே காலைத் தளர்த்தி, பிரேக்கைத் தொடாமல் கடந்தார். நான் ஒரு முறைகூட வேகமாகப் போகச் சொல்லவில்லை.

யஷ்வந்தபுரம் தாண்டியதும் அவரே பேச்சை எடுத்தார். "நாளைக்கு எழுதிடுவீங்க இல்ல?"

நான் சேலை மடிப்பிலிருந்த மணலைத் தட்டினேன்.

"எழுதுங்க மேடம். எழுதாம உங்களால இருக்க முடியாது, தெரியும். ஒண்ணு மட்டும். பாப்பாவுக்குப் பரீட்சை மார்ச்சுல. அதுவரைக்கும் வீட்ட காலி பண்ணாம இங்கயே எதாச்சும் பாத்துக்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச எடம் இருந்தா சொல்லுங்க."

அந்த நாளில் என்னைச் சுட்டது வண்டி வழுக்கியதைவிட இதுதான். அவர் மன்றாடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று என்னை நம்பினார். அப்படி எழுதினால் தன் வேலை போகும் என்றும் நம்பினார்.

பின்பக்கம்

ஆறே முக்காலுக்கு வண்டியைக் கொட்டகையில் விட்டோம். பைரப்பா செம்மண் அப்பிய சக்கரங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு கற்பூரம் ஏற்றினார்.

லாக் புக் பூஜையில் இருந்தது. வண்டியின் கையேடு என் மேஜை இழுப்பறையில். எடுத்தேன். நான் ஜெராக்ஸ் எடுத்த பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. நாலு மாதமாக ஃபைலில் இருந்த பிரதியிலும் அப்படித்தான். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் கூடக் கண்டுபிடித்துவிடும் நான், அந்த வாக்கியத்துக்கு மீதி எங்கே என்று கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். மழையானாலும் தார், சிமெண்டுச் சாலைகளில் இந்த விசையைப் போட வேண்டாம், வண்டி திரும்புவது கடினமாகும், நிற்கும் தூரம் குறையாது என்று மூன்று வரியில் இருந்தது. தேவராஜ் ஒரே மூச்சில் சொன்னதுதான்.

மேனேஜர் வீட்டிலிருந்து போன் வந்தது. எல்லாம் நல்லபடியா என்று கேட்டார். சார்ஜர் வேலை செய்கிறது, மற்றதை நாளைக் காலை எழுதித் தருகிறேன் என்றேன். "மற்றது என்றால்?" என்றார். யாருக்கும் அடியில்லை சார் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதுதான் அன்று முதல் தடவையாக முழு மூச்சு விட்டேன்.

வீட்டுக்குப் போனபோது மாடியில் துணி மறுபடியும் தோய்த்ததுபோல் தொங்கியது. என் கணவர் விளக்கேற்றியிருந்தார். சேலையைப் பார்த்து, கடற்கரைக்குப் போயிருந்தாயா என்றார். சுடச்சுட ஒரு டம்ளர் காபி கொடுத்தார். டப்பாவின் அடியிலிருந்த கடைசிப் பொடி. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு காபி நான் குடித்ததில்லை.

இங்கே வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அந்த மாதக் கடைசியில் தேவராஜின் நிரந்தர உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது என்னை நிமிர்ந்து பார்த்து, உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றார். புதிய சுற்றறிக்கையை நான் எழுதவில்லை. தேவராஜ் சொல்லச் சொல்ல டைப் மட்டும் அடித்தேன். அதில் மணல் மூட்டைகள் கம்பெனிச் சரக்காயின. மகள் மார்ச் பரீட்சையை அதே வீட்டிலிருந்து எழுதினாள்.

இனி அந்த மறுநாள் காலை.

விஜயதசமி, சனிக்கிழமை. பூஜையில் வைத்ததை எடுத்து, எல்லோரும் தத்தம் வேலையை ஒரு முறை தொட்டு ஆரம்பிக்கும் நாள். எட்டு மணிக்கு மற்றவர்கள் வருவார்கள் என்று ஏழேகாலுக்கே போய்விட்டேன். லாக் புக்கின் மேலிருந்த பூவை எடுத்து வைத்தேன். குங்குமத்தை ஊதினேன். சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினேன்: '10.10.97. மழையில் காலி வண்டி வழுக்கியது. எவருக்கும் காயமில்லை. காரணம், தவறான சுற்றறிக்கை, பாரம் இறக்கியது, வேகமாகப் போகச் சொன்னது. டிரைவரின் திறமையால் வண்டி நின்றது.'

'பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். டிரைவர்கள் பெயருக்கு அளந்து போட்ட கட்டம்; எனக்குப் போதவில்லை. வசந்தலட்சுமியில் பாதி கோட்டுக்கு வெளியே போயிற்று.